எஞ்சின் உட்காரும் வரை

எழுந்ததும் ஜெர்சோன் மோட்டாரைப் போட்டான். மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வந்த பிறகு அடுப்படிக்குப் போனான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாதியைக் காய்ச்சினான். மீதியைப் பாக்கெட்டோடு ஒரு டம்ளருக்குள் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தான். தேதிக்குக் கீழே அச்சடித்திருந்த வசனத்தை வாசிக்கவில்லை. அது மாமியார் வருசா வருசம் வாங்கிக் கொடுக்கிற நாள்காட்டி. தொட்டி நிரம்பி வழிந்ததும் மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டான். பின்தெருவில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. அந்தச் சத்தம் நின்றால்தான் இந்தத் தெருக்காரர்கள் என்னவென்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

மேசைமேல் இருந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது ஆட ஆரம்பித்தது. ஸ்டீயரிங் ஆடியது. கதவுப் பையில் கிடந்த தண்ணீர் பாட்டில் கடகடத்தது. கண்ணாடியில் எதிர்வீட்டு வாசல்படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. கியரைப் போட்டபோது முன்பக்கத்தில் யாரோ சுத்தியலால் ஓர் அடி அடித்த மாதிரி இருந்தது. ஒரு வருசமாக இப்படித்தான். அதற்கு முன்னாலும் ஆடியது, இவ்வளவு இல்லை.

அது மனைவி ஜெபிதாவின் வண்டி. புளியங்குடியில் எலுமிச்சை விவசாயிகள் சேர்ந்து நடத்திய ஒரு கம்பெனியில் அவள் கள அலுவலர். மழையென்றாலும் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போயாக வேண்டும். ஓடையில் இறங்கி ஏற வேண்டும். அதற்காக நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்தப் பழைய வண்டியை ஒரு தோட்டக்காரரிடம் வாங்கினாள். ஜெர்சோனுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். 'எல்லாருக்கும் கணக்குச் சொல்லிக் குடுக்காவ, கியரு எத்தனைன்னு மட்டும் மறந்துருதாவ' என்று தன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவள் போய் ஒரு வருசம். இந்த ஒரு வருசத்தில் அவன் தள்ளிப்போட்டு வந்தவை இரண்டு. ஒன்று, எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற அந்த மவுண்டை மாற்றுவது. மற்றது, மாமியார் இன்பம் கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது.

தெருமுனை திரும்பும்போது போன் அடித்தது. இன்பம்தான்.

"மருமவனே, நான் வாசுதேவநல்லூர்ல பஸ் ஏறிட்டேன். எங்கன இருக்கிய?"

"ஒர்க் ஷாப்புக்குப் போறேன் அத்தை."

"அங்கனயே வந்துருதேன். கல் பட்டறைக் கண்ணன் காலையிலயே போன் போட்டுட்டான். மத்தியானத்துக்கு மேல எழுத்து வெட்ட உக்காருதானாம். என்னத்த வெட்டணும்னு சொல்லிட்டா அவன் பாட்டுக்கு வெட்டுவான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒங்க மாமா, ஐயர் சொன்னதையே போடுங்கிறாவ."

"சரி அத்தை."

"என்ன சரி?"

நடத்துனர் டிக்கெட் கேட்கும் சத்தம் வந்தது. போன் நின்றது.

ஜெபிதாவின் வீட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசுதேவநல்லூர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் குடும்பத்துக் கற்களில் பேர், பிறப்பு, இறப்பு எல்லாம் வெட்டியபிறகு, கடைசியாக உரைத்தது என்று ஒரு வரி இருக்கும். தாத்தாவின் கல்லில் ஒரு வசனம். தாத்தாவின் தம்பி கல்லில் ஒரு வசனம். பெரியம்மா கல்லில் அரை வசனம். பாதியில் உயிர் போய்விட்டது என்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் வசனம் சொல்லாமல் செத்ததில்லை. ஜெபிதாவை அடக்கம் பண்ணிய அன்று, ஊரார் ஐயர் என்று கூப்பிடுகிற சபைக் குருவானவர், இந்தச் சகோதரி கர்த்தரைத் துதித்தபடியே கண்ணை மூடினாள் என்று பிரசங்கத்தில் சொன்னார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஒரு நல்ல மனிதர் ஒரு நல்ல பெண்ணைப் பற்றிச் சொன்னது, அவ்வளவுதான். அது சபை முழுக்கப் பரவி, மாமனார் சாம்ராஜ் வாய்க்கு வரும்போது ஒரு முழு வசனமாகவே ஆகிவிட்டது.

இன்பம் மட்டும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஜெபிதா கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது ஜெர்சோன் ஒருத்தன்தான். பார்க்கும்போதெல்லாம் இன்பம் அவனிடம் அதைக் கேட்டாள். அவன், அப்புறம் சொல்கிறேன் அத்தை என்றான். என்ன சொல்ல. சொன்னால் இவ்வளவுதானா என்பார்கள். இல்லையென்றால் அதையும் தேய்த்துத் தேய்த்து வசனம் ஆக்கிவிடுவார்கள். அவனிடம் இருப்பது அது ஒன்றுதான்.

*

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்ததால் ஊருக்குள் வண்டிகளை விடவில்லை. சுற்றிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டுக்கு வந்தான். ஆடிக்காற்று ரோட்டோரத்துப் புழுதியை வாரி வாரிக் கொட்டியது. சுடலைமணியின் ஒர்க் ஷாப் ஒரு தகரக் கொட்டகை. கூரையில் ஒரு தகரம் ஆணி கழன்று, காற்றுக்குக் கைதட்டிக்கொண்டே இருந்தது.

"வாங்க சார். சாமான் வந்துட்டா?" சுடலைமணி கையைக் கழிவு நூலில் துடைத்துக்கொண்டு வந்தான். ஐம்பதைத் தாண்டியவன், வாய் ஓயாதவன். பெட்டியை வாங்கிப் பிரித்தான். "மதுரையில இருந்து வாரதுக்கு இம்புட்டு நாளா. பெட்டியப் பாத்தா சீர்வரிசை கணக்கா இருக்கு. உள்ள பாத்தா கையகல ரப்பரு, ரெண்டு துண்டு இரும்பு."

"அது போதுமா அண்ணாச்சி?"

"போதும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்க மெத்தை இது. மெத்தை போச்சுன்னா எஞ்சின் ஆடுத ஆட்டம் பூராவும் நம்ம இடுப்புக்குத்தான்."

கவிழ்த்துப்போட்ட ஒரு ஆயில் டின்மேல் விஜயராஜ் உட்கார்ந்திருந்தான். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. அவனுடைய லோடு வண்டி கிளட்ச் போய் ஓரமாக நின்றது. பின்னால் மூட்டைகள் இருந்தன. காற்றில் எலுமிச்சை வாடை அடித்தது.

"வே சுடலை, நேத்தே என் கிளட்ச மாட்டுதேன்னு சொன்னீரு. இப்ப சார் வண்டியில கைய வைக்கீரு. மூட்டைக்குள்ள கெடந்து காயெல்லாம் பழுக்கு."

"பழுத்தா வெல கூடத்தானவே செய்யும்."

"பழுத்தாக் கூடும். அழுவுனா?"

"அழுவுனா எனக்கு ரெண்டு தாரும். பொண்டாட்டி ஊறுகா போடுவா."

"ஒமக்கு ஊறுகா ஒண்ணுதான் கேடு." விஜயராஜ் எழுந்து வந்து வண்டியின் பக்கவாட்டைத் தட்டினான். "மேடம் வண்டில்லா இது. சார், ஒங்களுக்குத் தெரியுமா, மலையடியில தலையணை அணைக்கட்டுக்குப் போற வழியில ஓடைக்குள்ள என் வண்டி அச்சு வரைக்கும் பொதைஞ்சு கெடக்கு. நல்ல மழை. மேடம் இந்த வண்டியில வந்து, கயித்தக் கட்டி, ஒரே இழுப்பு. மேட்டுல கொண்டாந்து விட்டுட்டு என்ன சொன்னாவ தெரியுமா. 'வெல பேசும்போது இத ஞாபகத்துல வச்சுக்கிடும்.' பொறவு ஒவ்வொரு தடவ வெல பேசும்போதும் அந்தக் கயித்த எடுத்து மேசமேல வச்சுட்டுத்தான் பேசுவாவ."

"வச்சாவளா?"

"வச்சாவளே. நான் கூட்டிக் குடுக்காம என்ன செய்ய?"

ஜெர்சோன் அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறான். வண்டியின் பின்னால் இன்னும் கிடக்கிறது. மேசைமேல் ஏறியது அவனுக்குத் தெரியாது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தான்.

சுடலைமணி வண்டியை மேடையேற்றி முன்பக்கத்தைத் தூக்கினான். எஞ்சினின் அடிச்சட்டிக்கு ஒரு பலகையைக் கொடுத்து அதற்குக் கீழே ஜாக்கியை வைத்தான்.

"எஞ்சின நாலு எடத்துல பிடிச்சுருக்கான் சார். மூணு கல்லு மாதிரி இருக்கு. போனது பின்பக்கத்தது. வேற வண்டின்னா மேலருந்து கைய விட்டு ரெண்டு போல்ட்ட கழத்துனா முடிஞ்சது சோலி. இதுல பின் சக்கரத்துக்கும் இழுவை போவணும்லா. அதுக்குன்னு நடுவுல ஒரு டப்பா உக்காந்துருக்கு. அந்த டப்பாவத் தாண்டித்தான் கை போவணும். என் கை போவும், ஸ்பானர் போவாது. ஸ்பானர் போனா கை போவாது."

"டப்பாவ எறக்குவீரா?"

"எறக்க மாட்டேன். கெஞ்சிப் பாப்பேன்."

கீழே சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே போனான். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. ஜெர்சோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். இடப்பக்கம், வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே என்று உள்ளிருந்து குரல் வந்தது. போல்ட் ஆண்டுக்கணக்கில் சேறு குடித்து இறுகியிருந்தது. சுடலைமணி அதற்கு எண்ணெய் விட்டான். தட்டினான். மறுபடி எண்ணெய் விட்டான். காற்று கொட்டகைக்குள் புகுந்து சுழன்றது. நேரம் போனது. குனிந்து நின்று ஜெர்சோனுக்கு இடுப்பு விட்டுப்போனது. அது ஒரு வகையில் நன்றாக இருந்தது. வலியென்றால் இடம் தெரிகிறதே.

"சவத்து போல்ட்டு, வரமாட்டங்கே." உள்ளே சத்தம் நின்றது. சுடலைமணியின் தலை மட்டும் வெளியே வந்தது. "வாய் பழக்கம் சார். ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய."

"இல்ல அண்ணாச்சி."

"ஊர் வாய் அப்படி. எழுந்ததுல இருந்து படுக்க வரைக்கும் அந்தச் சொல்லுதான். வீட்டுல எளவு விழுந்தாத்தான் அதுக்கு அர்த்தம் தெரியும்."

"அதான் ஒண்ணும் நெனக்கலன்னு சார் சொல்லிட்டாவள்ளா. உள்ள போவும்," என்றான் விஜயராஜ்.

கடைசியில் போல்ட் கழன்றது. சுடலைமணி ஜாக்கியை ஒரு நூல் அளவு ஏற்றி, பழைய மவுண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது வெளியே வந்து சாக்கின்மேல் விழுந்தது. ரப்பர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவுக்குள் எண்ணெயில் ஊறி நசுங்கிய ஏதோ ஒன்று சொருகியிருந்தது. நீல நிறம்.

சுடலைமணி அதைப் பார்த்தான். பிறகு கழிவு நூலை எடுத்துத் தேவையில்லாமல் கையைத் துடைத்தான்.

"இது என்ன வே உள்ள?" விஜயராஜ் குனிந்தான். "செருப்பு மாதிரி இருக்கு."

"செருப்புதான்."

"எஞ்சினுக்குச் செருப்பு போட்டு விட்ட மெக்கானிக்க இப்பத்தான் பாக்கேன்."

"சும்மா இரும்." சுடலைமணி ஜெர்சோனைப் பார்த்துச் சொன்னான். "தங்கச்சி கொண்டாந்தது சார் அன்னைக்கு. போன வருசத்துக்கு முந்துன மழையில. அவசரமா தோப்புக்குப் போவணும், இந்த ஆட்டத்த இப்பம் நிப்பாட்டித் தாங்கன்னா. புது மவுண்டு ஒரு வாரம் ஆவும்னேன். எதையாவது வச்சு அடைங்கன்னா. ட்யூபு வெட்டி வைப்பேன், அன்னைக்கு ஒரு துண்டு ட்யூபு கூட இல்ல. வேற ரப்பர் இல்லியேன்னேன். கால்ல கெடந்தத கழத்தி, இது ரப்பர்தான அண்ணாச்சின்னு தந்துட்டா. ரெண்டையும். நான் ஒண்ணு போதும்னேன். ஒத்தச் செருப்ப வச்சு நான் என்ன செய்யன்னு கேட்டா."

ஜெர்சோனுக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. கணுக்கால் வரை சேறோடு வெறுங்காலில் வாசலில் நின்றாள். செருப்பு எங்கே என்று கேட்டான். போச்சு என்றாள். குழாயடியில் கால் கழுவும்போது எதையோ நினைத்துத் தனக்குள்ளே சிரித்தாள். அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளைக்கு நின்னுச்சு சார் ஆட்டம். பொறவு எண்ண பட்டு ரப்பர் எளகிரும்லா. முன்னைக்கும் மோசமா ஆட ஆரம்பிச்சிரும். அப்பமே சொன்னேன், வந்து மாத்திக்கிடணும்னு."

"அவளும் சொன்னா," என்றான் ஜெர்சோன்.

*

மத்தியானம் இன்பம் வந்தாள். தபசுக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து தூக்குவாளியோடு வெயிலில் நடந்து வந்திருந்தாள். வெள்ளைச் சேலை புழுதியில் பழுப்பேறியிருந்தது. மருமகனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"முடியலியா இன்னும்?"

"மாட்டியாச்சும்மா. முறுக்குனாப் போதும்," என்றான் சுடலைமணி கீழேயிருந்து.

"வெளிய வாங்க. சாப்ட்டுட்டு முறுக்குங்க. இரும்பு எங்கனயும் ஓடிராது."

கூட்டாஞ்சோறு கொண்டுவந்திருந்தாள். முருங்கைக்கீரை வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. வாழையிலையை நறுக்கி நாலு பேருக்கும் வைத்தாள். விஜயராஜ் வேண்டாம் என்றான். அவள் கேட்காத மாதிரி அவன் இலையிலும் வைத்தாள். வடகத்தை நொறுக்கிப் போட்டாள். ஜெர்சோனுக்கு இரண்டாம் தரம் வைத்தபோது அவன் இலையை மூடவில்லை, சாப்பிடவும் இல்லை.

"எலும்பும் தோலுமா போயிட்டிய. காலையில என்ன தின்னிய?"

"காபி."

"காபி ஒரு தீனியா?"

சாப்பிட்டு முடிக்கும்போது இன்பத்தின் கண் அந்த நீலத் துண்டில் விழுந்தது. விஜயராஜ்தான் கதையைச் சொன்னான். அவன் சொல்லும்போது கதை கொஞ்சம் பெருத்து, ஜெபிதா வெறுங்காலோடு மலையேறியதாகவும் ஆனது. இன்பம் கேட்டுக்கொண்டே இருந்தாள். துண்டை எடுத்துப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கையை நினைத்தோ என்னவோ, குனிந்து மட்டும் பார்த்தாள்.

"சின்னதுலயே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல எவளுக்காவது பேனா இல்லன்னா தன் பேனாவக் குடுத்துட்டு வந்து அடி வாங்குவா," என்றாள். பிறகு இலைகளை மடக்கினாள்.

சுடலைமணி உள்ளே போய் எல்லா போல்ட்டையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கினான். வண்டியை இறக்கினான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான்.

ஆடியது. முன்னைவிட மோசமாக ஆடியது. பானெட் கம்பியிலிருந்து துள்ளிக் கீழே விழுந்து சாத்திக்கொண்டது.

விஜயராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். "அந்தச் செருப்பையே திரும்ப வச்சிரும் வே. அதுக்கு உள்ள மரியாதை கூட இந்தப் புதுசுக்கு இல்ல."

சுடலைமணி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொட்டகைத் தூணில் சாய்ந்தான். புதுச் சாமான் கோளாறாக இருக்கலாம் என்றான். மதுரைக்காரன் மாற்றித் தந்துவிட்டான் என்றான். பிறகு இரண்டும் இல்லை என்று தானே சொன்னான். பீடி பாதியானதும் அதைக் கீழே போட்டு மிதித்தான்.

"புத்தியக் கொண்டுபோய் எங்கன வச்சேன்னு தெரியல. சாப்பாட்டுக்கு முந்தியே முறுக்கியிருந்தா ஞாபகம் வந்துருக்கும்."

"சாப்பாட்டக் கொற சொல்லாதிய," என்றாள் இன்பம்.

"சாப்பாட்டச் சொல்லலம்மா, என்னச் சொல்லுதேன். ஜாக்கியில எஞ்சினத் தூக்குனேம்லா. தூக்குன எடத்துலயே வச்சு முறுக்கிப்புட்டேன். அது அதோட எடம் இல்ல. நம்ம இழுத்து வச்ச எடம். அப்படிப் பிடிச்சா நாலு மவுண்டும் நாலு பக்கம் இழுக்கும். எல்லா போல்ட்டையும் ஒரு சுத்து விட்டுட்டு, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஆட விடணும். எஞ்சின் ஆடி ஆடித் தன் எடத்தப் பாத்து உக்காரும். அது உக்காந்த பொறவுதான் முறுக்கணும்."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"அதுக்கிட்டத்தான் கேக்கணும்."

மறுபடி கீழே போனான். நாலு மவுண்டின் போல்ட்டுகளையும் தளர்த்தினான். "சார், உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காதிய. பயங்கரமா ஆடும், பயப்படாதிய. நான் சொல்லும்போது அமத்துனாப் போதும்."

புழுதிக்காற்று ஒன்று கொட்டகைக்குள் வந்து சுழன்றது. இன்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முன்சீட்டுக் கதவைத் திறந்தாள். ஏறப்போனவள் நின்றாள். சீட் பின்னால் சாய்ந்து கிடந்தது.

"இது ஏன் இப்படிச் சாஞ்சு கெடக்கு?"

"அன்னைக்குச் சாச்சது அத்தை."

"ஒரு வருசமாவா?"

"ஆமா."

நிமிர்த்துகிற பிடி எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஏறி, கதவைச் சாத்தி, அப்படியே சாய்ந்து படுத்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெர்சோன் சாவியைத் திருப்பினான்.

வண்டி முழுவதும் உதறியது. காலடியில் இரும்பும் இரும்பும் மோதின. தூக்குவாளி மூடி கலகலத்தது. இன்பம் அதைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். அவள் தலை சீட்டில் கிடந்து இப்படியும் அப்படியும் ஆடியது. ஜெர்சோன் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தான். காவடி கட்டிய ஒரு கூட்டம் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. 

"மருமவனே." அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் உயராமலே வந்தது. "கண்ணன்கிட்ட வார வழியில போன் பண்ணிட்டேன். பேரும் தேதியும் போதும், வேற ஒண்ணும் வெட்டாதன்னு சொல்லிட்டேன்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மாமா?"

"அவியகிட்ட நான் பேசிக்கிடுதேன். அவியளுக்கு நாலு பேரு வாசிக்க ஒரு வரி வேணும். எனக்கு வாசிக்கல்லாம் வேண்டாம்." கூரையைப் பார்த்தபடியே பேசினாள். "கல்லுக்குன்னு நான் கேக்கல. எனக்குன்னு கேக்கேன். அவ பேசுன மொத வார்த்த எனக்குத் தெரியும். கடைசி வார்த்த தெரியாம நான் எப்படிக் கண்ண மூட? வசனம் இல்லன்னாலும் சரிதான். திட்டியிருந்தாலும் சரிதான்."

"திட்டல அத்தை."

"அதுவே எனக்குப் பாதி."

அவன் வாயைத் திறந்தான். ஒரு வருசமாக மூடிக் கிடந்த வார்த்தை, உடனே வரவில்லை. ஆட்டம் மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. மோதுகிற சத்தம் முதலில் நின்றது. அப்புறம் தண்ணீர் பாட்டில் அடங்கியது. ஸ்டீயரிங்கில் வைத்த கைக்கு ஒரு சன்னமான அதிர்வு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. சுடலைமணி பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினான்.

"உக்காந்துட்டு சார். ஆஃப் பண்ணுங்க. அசையாம இருங்க, முறுக்கிருதேன்."

*

கல் பட்டறை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பேரை ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டு வரலாம் என்றாள் இன்பம். எழுத்துப் பிசகிவிட்டால் கல்லில் அழிக்க முடியாது. விஜயராஜ் தன் மூட்டையிலிருந்து கை நிறைய எலுமிச்சை எடுத்து அவள் தூக்குவாளியில் போட்டான். "சாப்பாட்டுக்குப் பதில் இல்லம்மா. மேடம் கயித்துக்கு," என்றான். சுடலைமணி பழைய மவுண்டைக் குப்பை டின்னில் போடப்போனவன், அந்த நீலத் துண்டை மட்டும் பிடுங்கி, நூலில் துடைத்து, வண்டியின் முன்தட்டில் வைத்தான்.

வண்டி ஓடுவதே தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் சத்தம் வரவில்லை. ஜெர்சோனுக்கு அது வேறு யாருடைய வண்டி மாதிரியோ இருந்தது. கேட்டுக்கு வந்தபோது அடைத்திருந்தார்கள். முன்னால் ஒரு டிராக்டர், இரண்டு பைக். பக்கத்தில் வேர்க்கடலை வறுக்கிறவள் வண்டி வண்டியாகப் போய்ப் பொட்டலம் நீட்டினாள். வேண்டாம் என்று இன்பம் தலையசைத்தாள்.

கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"நின்னுபோச்சா?" என்றாள் இன்பம்.

"என்ன அத்தை?"

"வண்டி. சத்தமே இல்லியே."

"ஓடுது."

அவள் கையை நீட்டி முன்தட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நீலத் துண்டுக்குப் பக்கத்தில் கை அசையாமல் இருந்தது.

"ஓடுதா," என்றாள்.

ஜெர்சோன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். காற்று மட்டும் கேட்டது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு மாடு நின்றது.

"இங்கனதான் அத்தை."

இன்பம் கையை எடுக்கவில்லை.

"விடிஞ்சும் விடியாம கெளம்புனோம். ரெண்டு நாள் காய்ச்சல்தான். தலைவலி தாங்கலன்னா. ஆம்புலன்ஸ் கூப்பிடுதேன்னேன், அதெல்லாம் ஊரக் கூட்டும், நம்ம வண்டியிலயே போவோம்னா. சீட்டச் சாச்சு விட்டேன். இங்க வந்தா கேட்டு அடைச்சிருக்கு. கூட்ஸ் வண்டி. நிக்கும்போதுதான் ஆட்டம் ரொம்ப இருக்கும். அவ தல சீட்டுல கெடந்து ஆடுச்சு. நான் கேட்டையே பாத்துட்டு இருந்தேன். அவ கண்ணத் தொறந்து சொன்னா. அவ சொன்ன மாதிரி செஞ்சேன். ரயில் போச்சு. கேட்டு தொறந்துச்சு. நான் ஸ்டார்ட் பண்ணும்போது கண்ண மூடியிருந்தா. தூங்குதான்னு நெனச்சேன்."

ஜெர்சோன் கேட்டைப் பார்த்தான். டிராக்டர்காரன் இறங்கி ஓரத்தில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தான்.

"முழிச்சிரக் கூடாதேன்னு மெதுவாப் போனேன். வழியில ஒவ்வொரு மேட்டுலயும் மெதுவா எறக்கி எறக்கிப் போனேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரி வரைக்கும். அங்க போனபொறவுதான் அது தூக்கம் இல்லன்னு சொன்னாவ. பொறவு அவ பேசல."

தூரத்தில் ரயில் ஊதியது. இன்பம் சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை.

"என்ன சொன்னா?"

அவன் சொன்னான். ஜெபிதா சொன்ன மாதிரியே, அந்தக் குரல் எங்கே இறங்கியதோ அங்கே இறக்கிச் சொன்னான்.

"வண்டிய அமத்துங்க. கேட்டு தொறக்க வரைக்கும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."